ஆக்கக்கூடம் எம்மொழியிற் பேசும்?

ஆக்கம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். செய்தலும் ஆக்கம், செல்வமும் ஆக்கம். உலையேற்றிச் சோறு சமைப்பவளும் ஆக்குகின்றாள்; உலைமூட்டி இரும்பு வடிப்பவனும் ஆக்குகின்றான். செய்யத் தெரிந்தவரிடமே செல்வம் தங்கும் என்னும் பட்டறிவை ஒரே சொல்லுக்குள் வைத்துப் போற்றியது தமிழினம். அவ்வினத்தின் பிள்ளைகள் இன்று ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஆலை வாயில்களில், பிறர் வரைந்த பொறியின் பொத்தானை அழுத்தும் வேலைக்கு விடியலில் வந்து வரிசையில் நிற்கின்றனர். பொறியை வரைவோராகவும் ஆக்குவோராகவும் அவர்கள் ஏன் நிற்கவில்லை என்பதே தமிழர் எழுப்ப வேண்டிய வினா.

அம்மண்ணுக்கு வினைத்திறன் புதிதன்று. கிருட்டிணகிரி மாவட்டத்துப் பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை என்னும் இடம் உள்ளது. அங்கு நிகழ்ந்த அகழாய்வில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழ்நாட்டு அரசு 2022 மே திங்களில் சட்டமன்றத்தில் அறிவித்தது. ஏறத்தாழ 4200 ஆண்டுகட்கு முன்னரே இரும்பைக் கையாண்ட மண் அது. அண்மைக் காலத்திற்கு வரினும் சான்று உண்டு. 1970-களில் ஓசூரில் சிப்காட்டுத் தொழிற்பேட்டை தோன்றியது. சரக்குந்து, ஈருருளி, கைக்கடிகை ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 1980-களில் தொடங்கிய டைட்டன் கைக்கடிகை ஆலை, பள்ளியிறுதி முடித்த சிற்றூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றி, மயிரிழை பிசகாத நுண்வினையை அவர்தம் விரல்களிடம் ஒப்படைத்தது. அவ்விரல்களும் வென்று காட்டின. 2021-இல் போச்சம்பள்ளியில் மின்னீருருளி ஆலை வந்தது. ஓசூரையடுத்து மாபெரும் மின்னணு ஆலையும் வந்துள்ளது. ஆலைகள் பெருகிவிட்டன. ஆயினும், பொறியைத் திறந்து பார்க்கவும், பிழை கண்டு திருத்தவும், புதியதொன்றை எண்ணிச் செய்யவும் கற்பிக்கும் இடம் அவ்வூர்ப் பள்ளிகளில் எத்துணை உண்டு?

அத்தகைய இடத்தையே ஆங்கிலர் 'மேக்கர் சுபேசு' என்பர். தமிழில் ஆக்கக்கூடம் எனலாம். உளியும் அரமும், பற்றவைப்புக் கருவியும், மின்சுற்றுப் பலகையும், முப்பரிமாண அச்சுப்பொறியும் ஒரே கூரையின்கீழ் இருக்க, மாணவர் தாம் எண்ணியதைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் கூடம் அது. அமெரிக்க நாட்டு மாசாச்சுசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்சன்பெல்டு என்னும் பேராசிரியர், ஏறத்தாழ எதனையும் செய்வது எப்படி என்னும் பெயரிலேயே 1998-இல் ஒரு பாடம் தொடங்கினார். அதனின்று கிளைத்த கூடங்கள் இன்று உலகெங்கும் உள்ளன.

இந்திய அரசின் நித்தி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டமும் இவ்வகையினதே. 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கான அத்திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 இலக்கம் உருபா வரை நல்கை உண்டு. அதில் 10 இலக்கம் கூடம் அமைக்க. எஞ்சிய 10 இலக்கம் ஐந்தாண்டு நடத்த. மேலும் 50,000 அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளுக்குள் இவற்றை நிறுவுவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. நன்று. ஆயின், அக்கூடத்தின் ஆங்கிலப் பெயரையே நோக்குக. 'டிங்கரிங்' என்று ஓசூர்ச் சாலையோரப் பலகைகளில் எழுதியிருப்பின், நசுங்கிய வண்டித் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் கொட்டகை என்பதே பொருள். பள்ளிப் பலகையில் அதே சொல்லைக் காணும் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்னென்று கொள்ளும்? வாயிலிலேயே பொருள் விளங்காத அறைக்குள் புகுந்தால், பெட்டிகளின் மேலெழுத்தும், பொறிகளின் திரையும், எச்சரிக்கைத் தாளும் பெரும்பாலும் ஆங்கிலமே. வீட்டில் ஆங்கிலம் அறியாத பிள்ளை அதனை வேற்றாரின் அறையாகவே காண்கின்றது. அஞ்சித் தொடாது நிற்கின்றது. தொடாத கருவியில் துரு ஏறுகின்றது. பின்னர் அறைக்குப் பூட்டு; மேலலுவலர் வருநாளில் மட்டும் திறப்பு. இப்படிப் பூட்டிக் கிடக்கும் ஆய்வகம் தமிழ்நாட்டுப் பள்ளியாசிரியர்க்குப் புதுக்காட்சியன்று.

ஆக்கக்கூடத்தைத் திட்டமிடுவோர் முதலில் கட்டடம், பிறகு பொறி, பிறகு பயிற்சி, இறுதியில் இடமிருப்பின் மொழிபெயர்ப்பு என வரிசையிடுகின்றனர். வரிசை தலைகீழாக அமைதல் வேண்டும். எம்மொழியில் எண்ணும் பிள்ளைக்காக அக்கூடம் எழுகின்றது என்பதே முதற்கேள்வி. சுவரும் பலகையும் பொறியும் அதன்பின் வருவன. கைவினை என்பது ஓயாத கேள்வி பதிலால் வளர்வது. ஏன் சுழலவில்லை, எங்கு அறுந்தது, எவ்வளவு தேய்க்க வேண்டும் என்றெல்லாம் வாய்விட்டுக் கேட்க முடியாத பிள்ளை, காட்டியதைப் போலச் செய்யுமேயன்றிப் புதிதாக ஒன்றையும் செய்யாது. போலச் செய்வோரையே ஆலை வரிசைகள் விரும்புகின்றன. ஒப்பந்தக் கூலியாக எவரையும் எவர்க்கும் ஈடாக மாற்றிக்கொள்ளலாம் அன்றோ?

பொறியின் மொழியே ஆங்கிலம், ஆலையின் மொழியும் ஆங்கிலம், பிறகெதற்குத் தமிழ் என்பார் உளர். அவர்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடை கூறும். 1847-இல் அங்கு வந்த சாமுவேல் பிசுக்கு கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழில் பயின்ற மருத்துவர்களை உருவாக்கினார். உடலை அறுத்து உயிர் காக்கும் கலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் பயிற்ற இயன்றதெனின், மின்னோடியைக் கழற்றிப் பூட்டும் கலையை இருபத்தொன்றாம் நூற்றாண்டில் பயிற்ற இயலாதா? அண்ணா பல்கலைக்கழகமே 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலப் பெயர்களைப் பிள்ளை பின்னர்க் கற்றுக்கொள்ளும். பொருளை அறிந்தவர்க்கு மறுபெயர் கற்பது எளிது. பொருள் அறியாதவர்க்குப் பெயர் வெறும் ஓசை.

மராட்டியத்திலும் பாடம் உண்டு. பூனாவை அடுத்த பாபல் என்னும் சிற்றூரில் 1983-இல் கல்பாக் என்னும் அறிவியலறிஞர் 'விஞ்ஞான் ஆசிரம்' என்னும் நிலையத்தை நிறுவினார். கையால் செய்தே கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நிலையம் வகுத்த தொழில்நுட்ப அறிமுகப் பாடம் நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகளில் வாரம் ஒருநாள் நடைபெறுகின்றது. பற்றவைப்பு, மின்னிணைப்பு, வேளாண்மை, நலவாழ்வு ஆகியவற்றைப் பிள்ளைகள் கற்று, ஊரார்க்கு வேண்டிய சிறு பணிகளையும் செய்து கொடுக்கின்றனர். கெர்சன்பெல்டின் கூடம் 2002-இல் அமெரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட முதலிடங்களுள் அப்பாபலும் ஒன்று. பளபளக்கும் மாநகரத்தைத் தேடிச் செல்லாது, ஊர்க்காரருடன் உழைத்துக் கொண்டிருந்த சிற்றூரை அக்கூடம் தேடி வந்தது. கிருட்டிணகிரிச் சிற்றூர்களுக்கு இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டா.

பிறிதோர் ஐயமும் எழும். கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொணர்வது மீண்டும் குலக்கல்வி ஆகாதோ என்பதே அது. ஐயுறுவது தவறன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசாசி, முதலமைச்சராக இருந்த 1953-இல், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் எனத் திட்டம் வகுத்தார். குலக்கல்வித் திட்டம் எனத் தமிழகம் அதனை எதிர்த்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அப்போராட்டம் உளியையும் சுத்தியையும் எதிர்த்ததன்று. இன்னார் மகனுக்கு உளி, இன்னார் மகனுக்கு ஏடு எனப் பிறப்பால் பகுத்ததையே எதிர்த்தது. ஆகலின் ஆக்கக்கூடத்தின் முதற்சட்டம் இதுவாதல் வேண்டும்: எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கருவியும். மதிப்பெண் குறைந்தோரை அங்கு ஒதுக்குவதும் கூடாது. மதிப்பெண் மிக்கோர்க்குப் பரிசாக மட்டும் திறப்பதும் கூடாது. பெண்பிள்ளைகள் ஒட்டும் வேலைக்கும் அழகு செய்தற்கும், ஆண்பிள்ளைகள் துளையிடும் பொறிக்கும் எனப் பிரிப்பதும் குலக்கல்வியின் மற்றொரு முகமே. ஓசூர்ப் பகுதி மின்னணு ஆலையில் பெருந்தொகையினராக உழைப்போர் இளம்பெண்கள். அவர்தம் தங்கைமாராவது பொறியைத் திறந்து பார்க்கக் கற்றல் வேண்டும்.

இனி, கூடத்தின் அமைப்பு. சமவெளிப் பள்ளிக்கு 1500 சதுர அடி இடம் வேண்டுமென அடல் திட்டம் கேட்கின்றது. முப்பதடி அகலமும் ஐம்பதடி நீளமும் உள்ள கூடம் அது. நாற்பது பிள்ளைகள் ஒருங்கே நுழைந்தால் ஆளுக்கு 37 சதுர அடியே கிடைக்கும். அதிலும் பொறிகளும் நிலைப்பேழைகளும் இடம் கொள்ளும். ஆகலின் இருபதின்மராகப் பகுத்து, ஒரு பகுதியார் வரையவும் எண்ணவும், மறுபகுதியார் செய்யவும் முறை வகுத்தல் நன்று. அறை தரைத்தளத்தில் இருத்தல் வேண்டும். இரும்பும் மரமும் மாடியேறா, ஊர்க் கொல்லரும் மாடியேறி வரத் தயங்குவார். வாயில் தெருப்பக்கம் நோக்கியிருப்பின் பள்ளி நேரத்திற்குப் பின்னும் ஊரார் வந்து பயன்கொள்ளலாம். இரைச்சலும் தூசியும் எழும் அறுப்பு, தேய்ப்பு வேலைகள் ஒரு கோடியில். தூசி ஆகாத மின்னணுவும் அச்சுப்பொறியும் மறுகோடியில். நடுவே கூடிப் பேசவும் வரையவும் நீண்ட பலகைகள். வேலைப்பலகையின் உயரம் பிள்ளையின் முழங்கைக்குச் சற்றுக் கீழாக இருத்தல் வேண்டும். பதினொரு அகவைப் பிள்ளைக்கும் பதினேழு அகவைப் பிள்ளைக்கும் ஒரே உயரப் பலகை பொருந்தாது. பற்றாசு உருக்குமிடத்தில் புகையை ஈர்த்து வெளியே தள்ளும் விசிறி வேண்டும். சீரொளி வெட்டுப்பொறி வாங்கும் கல்லூரி, அதில் பி.வி.சி. நெகிழியை ஒருபோதும் வெட்டலாகாது. வெட்டின் குளோரின் சார்ந்த நச்சுப்புகை எழும். எல்லா மின்னிணைப்பையும் ஒரே அழுத்தில் துண்டிக்கும் செந்நிறப் பொத்தான் வாயிலருகே, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருத்தல் இன்றியமையாதது.

இவ்வெச்சரிக்கைகளெல்லாம் எம்மொழியில் எழுதப்படும் என்பதில்தான் உயிர் உள்ளது. படிக்க வராத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது. அழுத்துபொறியில் விரலிழந்த கையைத் தொழிற்பேட்டை ஊர்களில் காண்பது அரிதன்று. கண்ணாடி அணிக, கூந்தலை முடிக, இருவர் கை ஒரு பொறியில் வையற்க எனக் கொட்டை எழுத்துத் தமிழில் எழுதித் தொங்கவிடச் செலவு மிகக் குறைவு. அதனைச் செய்யாத கூடம் எத்துணை விலையுயர்ந்த பொறி வைத்திருப்பினும் பிள்ளைகளைப் புறக்கணித்த கூடமே.

சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலுருவை வரைந்து, உருவின்கீழ்ப் பெயரெழுதி, கருவியை அவ்விடத்திலேயே தொங்கவிடல் வேண்டும். எது திரும்பவில்லை என்பது ஒரு பார்வையில் தெரியும். பெயரும் நாள்தோறும் கண்ணில் படும். அப்பெயர்களுக்குத் தமிழர் அலைய வேண்டியதில்லை. அரம், குறடு, இழைப்புளி, திருப்புளி, மரை, திருகாணி, சாணை, கடைசல் என்பன பட்டறைகளில் இன்றும் வழங்கும் சொற்கள். ஈயம் உருக்கி ஒட்டும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர். யாப்பிலக்கணத்தில் ஆசிடை வெண்பா என்பதில் வரும் ஆசு, இரு மாழைத் துண்டுகளை இணைக்கும் இப்பற்றாசினை ஒப்புமையாகக் கொண்டது என உரையாசிரியர் விளக்கினர். பாட்டின் ஒட்டுக்கும் பட்டறையின் ஒட்டுக்கும் ஒரே சொல் வழங்கிய மொழிக்கு மின்சுற்றின் ஒட்டைச் சொல்ல வாராது என்பது பேதைமை. உணரி, மின்னோடி, மின்கலம், நுண்செயலி போன்ற புதுச்சொற்களும் வழக்கில் வந்துவிட்டன. கணிநிரல் எழுதுதற்கு எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் உண்டு. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

ஈண்டுத் தமிழ்ப்பற்றாளரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் நன்று. 1974-இல் பாவாணர் தலைமையில் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கிய நாள்தொட்டுச் சொல்லாய்வு பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும் ஆக்கிய சொற்களுள் எத்தனை, கருவியின் கைப்பிடியில் ஒட்டப்பட்டன? அகரமுதலியில் உறங்கும் சொல்லுக்கு உயிர் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கேறிய கையால் ஒரு பிள்ளை 'அந்தக் குறட்டை எடு' எனத் தோழனிடம் கேட்கும் நொடியில்தான் சொல் வாழ்கின்றது. மேலும், கொல்லுலையில் நல்ல சொல் இருக்க, அறைக்குள் அமர்ந்து பல்லுடைக்கும் சொல்லைப் படைப்பது தமிழ்த்தொண்டாகாது. முதலில் கொல்லரையும் தச்சரையும் கடைசற்காரரையும் கேட்க. அவரிடம் இல்லாததை மட்டும் ஆக்குக.

பணத்தின் கணக்கும் திட்டத்தின் உயிர்நாடி. ஐந்தாண்டு நடத்த 10 இலக்கம் எனின் ஆண்டுக்கு 2 இலக்கம். திங்களுக்கு ஏறத்தாழ 16,600 உருபா. அதற்குள் கம்பி, பலகை, திருகாணி, பற்றாசு, அச்சிழை, பழுது நீக்கம் அனைத்தும் அடங்கல் வேண்டும். அமைப்புப் பணம் முழுவதையும் விலைமிக்க பொறிகளில் கொட்டிவிட்டு ஆணி வாங்க வழியற்று நிற்கும் பள்ளியினும், நூறு கைக்கருவியும் ஒரே அச்சுப்பொறியும் வைத்து நாள்தோறும் திறக்கும் பள்ளி மேலானது. பருவெட்டான விலைமிகு பொறிகள் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டா. பர்கூரில் 1994-இல் தொடங்கிய அரசினர் பொறியியற் கல்லூரி உள்ளது. அங்குப் பெருங்கூடம் ஒன்று அமையட்டும். சுற்றுப்பள்ளிகள் கைக்கருவிக் கூடங்களாக அதனோடு இணையட்டும். பள்ளிப் பிள்ளை வரைந்ததைக் கல்லூரி மாணவன் வெட்டிக் கொடுக்க, அவன் கற்றதைத் தமிழில் விளக்கிச் சொல்ல, இருவரும் வளர்வர். மயிலாடும்பாறை இருக்கும் வட்டத்திலேயே அஃது எழுவதினும் பொருத்தம் யாது?

ஆசிரியரின்றிக் கூடமில்லை. இயற்பியல் ஆசிரியரின் தோளில் மற்றொரு சுமையாக ஏற்றினால் அது பூட்டிய அறையாகவே முடியும். முன்னாள் பள்ளிகளில் நெசவாசிரியரும் தச்சாசிரியரும் இருந்தனர். அப்பணியிடங்கள் புதுவடிவில் மீளல் வேண்டும். ஆலைகளில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த தொழிலாளர் ஓசூரின் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். பொறியின் முனகலைக் கேட்டே நோயறியும் அவர்தம் அறிவு எந்நூலிலும் இல்லை. மதிப்பூதியம் தந்து, ஆசிரியர்க்குரிய மதிப்பும் தந்து அவர்களை அழைத்தல் வேண்டும். கோவையின் கோ.து. நாயுடு ஏட்டுக்கல்வி மிகுதியும் பெறாதவர். விசையீருருளி ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டியே பொறியியல் கற்றார்; பின்னர் அவரே தொழில்நுட்பக் கல்லூரி காண உதவினார். சாலையோரக் கொட்டகையில் தகடு தட்டிக் கொண்டிருக்கும் பள்ளிவிட்ட சிறுவனுள் அத்தகைய ஒருவன் இருக்கக்கூடும். அவன் மாலையில் நுழையவும் அக்கூடத்தில் வழி இருக்கட்டும்.

பிள்ளைகள் செய்ய வேண்டியவற்றைப் பெட்டியோடு வரும் ஆங்கில ஏட்டில் தேட வேண்டா, மாவட்டமே தரும். காயம் படாது மாங்கனி பறிக்கும் கோல், கேழ்வரகு அடிக்கும் சிறுபொறி, சொட்டுநீரை மண்ணின் ஈரமறிந்து திறக்கும் உணரி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் யானை வருகையை முன்னறிவிக்கும் மணி என வேலைகள் குவிந்து கிடக்கின்றன. ஊர்ச்சிக்கலை ஊர்மொழியில் எண்ணித் தீர்த்த பிள்ளை, ஆலை வாயிலில் நிற்க நேரினும் தலைநிமிர்ந்து நிற்கும்.

எல்லைப்புறம் ஆகலின் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உடைய பிள்ளைகளும் அக்கூடத்தில் இருப்பர். கருவியின் பெயரை அவர்தம் மொழியிலும் எழுதி வைப்பதால் தமிழுக்குக் குறைவில்லை. மூன்று மொழிப் பிள்ளைகளையும் ஒருங்கே ஊமையாக்குவது ஆங்கிலமே. தமிழ்நாட்டுக் கூடத்தில் தமிழ் பொதுமொழியாக நின்று, உடன்வாழ்வார் மொழியையும் மதித்தல் தமிழ்ப்பண்பு.

ஆகலின் பள்ளிக்குக் கூடம் வருகின்றது எனக் கேட்ட தமிழர், நாடா வெட்டும் விழாவோடு நின்றுவிடலாகாது. பெற்றோராசிரியர் கழகத்தில் எழுந்து கேட்க: வாயிற்பலகை எம்மொழியில்? எச்சரிக்கை எம்மொழியில்? வாரத்தில் எத்தனை நாள் திறப்பு? ஆணி வாங்கப் பணம் உண்டா? என் மகளும் துளைப்பொறி தொடுவாளா? இவ்வைந்து கேள்விக்கும் விடை பெறும்வரை அமரற்க. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அக்கூடத்தின் கருவிகளுக்குக் கொல்லரோடு அமர்ந்து பெயரெழுதித் தருக. மொழிப்போர் மேடையில் மட்டும் நடைபெறுவதன்று. அரத்தின்மேல் ஒட்டிய சிறு தாளிலும் நடைபெறுகின்றது. ஆக்கும் கை தமிழில் பேசட்டும்; அக்கையே நாளைய ஆலையை ஆளும்.